அப்பாகிட்ட போன் பேசறதுக்கு முன்னாடி

பெருந்துறை,
ஆவணி 4

அன்புள்ள கண்ணுக்கு,

இங்க நலம். உங்க ரெண்டு பேர் நலமறிய ஆவல். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாங்க, நம்ம கெணத்துலயும் ஊத்து எடுத்திருக்கு. ஒப்புட்டு உங்கூரு வந்து சேர்றதுக்குள்ள கெட்டுப்போகும், அதனால ரம்யாவுக்குக் கச்சாயம் சுட்டு அனுப்பறேன். அவளை நல்லாச் சாப்பிடச் சொல்லு. தூங்கச் சொல்லு.

அன்னைக்கு நீ அழுதப்போ அப்பா போனை வெச்ச விதத்தப் பத்தி நான் பேச வரல. அதுக்கப்பறம் நீ என் நம்பருக்கு மட்டும்தான் கூப்பிடற, அதையும் கேக்க வரல. அவர் மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் எழுதறேன். வார்டுல ஊரார் வீட்டு ஆளுகளுக்கு வாய் வலிக்கச் சொன்ன பாடம்தான்.

ஒருத்தர் அழறதை நம்ம மூளை ஒரே எடத்துல புரிஞ்சுக்கறதில்ல. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற பொட்டுக்கு உள்பக்கம் பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலான்னு ஒண்ணு. 'இதைக் கவனி'ன்னு நம்ம பார்வையை எதிராளி கண்ணுக்கு இழுக்கறது அதுதான். மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கற இன்சுலா நம்ம ஒடம்பையே வேவு பாக்குது. நெஞ்சு படபடக்கறது, வயித்தைப் பெரட்டறது எல்லாம் அங்கதான் தெரியும். அடுத்தவங்க வலியைப் பாத்தா நமக்கும் நெஞ்சைப் பிசையுதே, அதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. எதைப் பேசலாம், எதை வாய்க்குள்ளயே வெச்சுக்கணும்னு நிறுத்திப் பாக்கறது நெத்திக்குப் பின்னாடி இருக்கற முன்மடல். எதிராளி என்ன நெனைக்கறார்னு கணக்குப் போடறதுக்குத் தனியா ஒரு எடம், வலது காதுக்கு மேல பின்பக்கமா இருக்குதுன்னு 2003-ல ஸ்கேன்ல காட்டினாங்க.

அப்பாவுக்குக் கெட்டிருக்கறது முன்மடலும் இன்சுலாவும். ரிப்போர்ட்ல ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியான்னு போட்டிருக்கும், மறதி நோய்னு நெனச்சுக்காத. அல்சைமர் வந்தவங்க நம்ம பேரை மறந்துருவாங்க, ஆனா நாம அழுதா பல பேர் கூடவே அழுவாங்க. அப்பாவுக்கு உன் பிளஸ் டூ மார்க்கு, பழைய அம்பாசிடர் நம்பர் எல்லாம் தெரியும். நீ அழறது மட்டும் போய்ச் சேரல. மொதல்ல பாத்த டாக்டரு ஞாபகச் சோதனை வெச்சாரு. 30-க்கு 29. மனச்சோர்வுன்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டாரு. ஆரம்பத்துல அந்தச் சோதனை நல்லாத்தான் வரும், எம்.ஆர்.ஐ.லகூடத் தெரியாம போகலாம். கோயம்புத்தூர்ல பெட் ஸ்கேன் எடுத்தப்பறம்தான் நெத்திப்பக்கம் குளுக்கோஸ் எடுத்துக்கறது கொறஞ்சிருக்கறது தெரிஞ்சுது.

இன்சுலாவோட முன்பகுதியில நீளமான ஒரு வகை செல்லு உண்டு, 1920-கள்ல அதை விவரிச்ச வான் எகானமோங்கற டாக்டர் பேருதான் அதுக்கு. இந்த நோய்ல அது குறி வெச்ச மாதிரி அழியுது, அல்சைமர்ல அப்படி இல்லைன்னு 2006-ல வெளிய வந்துச்சு. அப்பாவுக்குப் பாசம் போச்சுன்னு நீ சொன்னியே, இதைப் படிச்சுப்போட்டுச் சொல்லு.

2011-ல டாக்டருங்க வகுத்த கணக்குப்படி ஆறு அறிகுறி, மூணு இருந்தாலே சந்தேகப்படணும். வாயடக்கம் போறது, எதுலயும் பிடிப்பில்லாம ஒக்காந்திருக்கறது, இரக்கம் மங்கறது, ஒரே காரியத்தைத் திருப்பித் திருப்பிப் பண்றது, தீனி மாறறது, திட்டம் போட முடியாம போறது. மாமன் எழவுல ஒரம்பரையெல்லாம் ஒக்காந்திருக்க 'சாப்பாடு எப்போ'ன்னு சத்தமாக் கேட்டாரு. கவுந்தப்பாடி சர்க்கரையை டப்பாவுக்குள்ள கைவிட்டு அள்ளித் திங்கறாரு, உள்ளங்கையில ஒட்டினதை நக்கிட்டு அதே கையை மறுபடி உள்ள விடறாரு, நான் எதிர்ல நிக்கறப்பவே. நீ இதைத் திமிருன்னு சொன்ன. படிச்ச புள்ளை பேசற பேச்சா அது?

இனி போன் பண்றப்போ, அழுதா புரியும்னு நெனைக்காத. கொரல்ல இருக்கற விசனமும் அவருக்கு எட்டாது. வார்த்தையாச் சொல்லணும், ஒரு மூச்சுல ஒரே விசயம். "அப்பா, நான் விசனமா இருக்கறேன். ரம்யாவுக்கு ஒடம்பு முடியல. 'பாத்துக்கோ கண்ணு'ன்னு சொல்லுங்க." சொல்லுவாரு. கேட்டு வாங்கின ஆறுதல் பொய்யின்னு ஆகாது. குத்திப் பேசாத, அது இவங்களுக்கு நேர் அர்த்தத்துலதான் போகும். அன்னைக்கு நீ "ரொம்பத்தான் அக்கறை"ன்னு சொன்னதுக்கு அவரு பொழுதுக்கும் சந்தோசமா இருந்தாரு. ஏன் அப்படிப் பேசினீங்கன்னும் கேக்காத, தான் மாறினது அவருக்கே தெரியாது.

வீடியோவுல கூப்பிடு. ரெண்டு பக்கத்து அமிக்டலாவும் கெட்டுப்போன ஒரு அம்மாவுக்குப் பயந்த முகம் அடையாளம் தெரியாம இருந்துச்சு. 'கண்ணைப் பாருங்க'ன்னு சொன்னதும் சரியாச் சொன்னாங்க, 2005-ல வந்த ஆராய்ச்சி. ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு. அப்பாவுக்கு நோய் வேற, அந்த அளவுக்கு எதிர்பாக்காத. ஆனா "என்னைப் பாருங்கப்பா"ன்னு சொல்லிப் பாக்கறதுல நட்டமில்ல. வார்த்தையாச் சொல்லு, அழாதேன்னு சொல்லல, வார்த்தையாச் சொல்லு.

மறதிக்குக் குடுக்கற டோனிபெசில் இதுக்கு ஆகாது, சில பேருக்கு ஆர்ப்பாட்டம் கூடிரும். யாராவது அனுப்பச் சொன்னா அனுப்பிப்போடாத. அவரு பேருக்குப் பணமும் போடாத, கேட்டவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாரு. என் கணக்குல போடு.

அப்பாரு, அதான் அப்பாவைப் பெத்த தாத்தா, கடைசிக் காலத்துல இருந்த இருப்பு உனக்குத் தெரியும். தோட்டத்தைக் கிடைச்ச வெலைக்கு வித்துப்போட்டுக் கட்டுத்தரையில ஒக்காந்து வெல்லம் தின்னுட்டு இருந்தாரு. அவரு தம்பி கை சூம்பி, முழுங்க முடியாம போய்ச் சேந்தாரு. ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னுதான் குடும்பமே நெனச்சுது. சி9ஆர்எஃப்72-ன்னு ஒரு ஜீன்ல வர்ற கோளாறு, 2011-ல கண்டுபுடிச்சாங்க. ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு இந்த நோயாவும் இன்னொருத்தருக்கு கை கால் சூம்பற ஏ.எல்.எஸ். நோயாவும் வரும். இருந்துச்சுன்னா ஒவ்வொரு புள்ளைக்கும் போறதுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. இல்லாமலும் இருக்கலாம், இந்த நோய் வந்த பெரும்பாலானவங்ககிட்ட அப்படி எந்த ஜீனும் சிக்கறதில்ல. பாக்கறதா இருந்தா அப்பா ரத்தத்துலதான் ஆரம்பிக்கணும். அவருக்கு இல்லேன்னா உனக்குப் பாக்கவே வேண்டாம். இருந்தாலும் பாக்கறதும் விடறதும் உன் இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஜெனடிக் கவுன்சலிங்ல ஒக்காராம ரத்தம் மட்டும் குடுத்துராத. நீயும் ரம்யாவும் அடுத்து எப்போன்னு நான் கேக்கல. அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யோசிச்சு நடந்துக்கோங்க, அவ்வளவுதான்.

புரட்டாசில பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வம்சத்துல யார் யாருக்கு என்ன இருந்துச்சு, எந்த வயசுல ஆரம்பிச்சுதுன்னு கேப்பாங்க. வீட்டு ஆளுக சொல்றதுதான் இதுல பாதி வைத்தியம், நீ போன்லயாவது இருக்கணும். ஒனக்கு நெனப்பு வர்றதை வருசத்தோட எழுதி அனுப்பு. உன் கல்யாணத்துல இணைச்சீர் நடக்கறப்போ எந்திரிச்சுப் போய் வண்டியில ஒக்காந்துட்டாரே, அதுக்கு முன்னாடியே ஏதாச்சும் உன் கண்ணுல பட்டுச்சா?

அன்புடன்,
அம்மா