வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் ‘பண்டைய கிரேக்க ஆட்சிமுறையும் இன்றைய மக்களாட்சியும்’ என்ற ஒரே பொருளைத்தான் பேசினோம். மழைக்காலத்தில் வருகை குறைந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் சில கூட்டங்கள் ஏதென்ஸின் அமைப்பைப் புரிந்துகொள்வதிலேயே போயின. கி.மு. 508-507 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் குடிமக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக்கினார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம், பினிக்ஸ் குன்றில் கூடும் பேரவைக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தது. பேரவையில் எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். நீதிமன்றங்களுக்கு ஆண்டுதோறும் 6000 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். உட்கார்ந்த நாளுக்குப் படியும் உண்டு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கும் எதிலும் இடமில்லை. மகளிர் உறுப்பினர்கள் இதை விடாமல் நினைவூட்டினார்கள், சரிதான்.

பானை ஓட்டு வாக்கெடுப்பு பற்றிய கூட்டம்தான் கலகலப்பு. பிடிக்காத தலைவரின் பெயரை உடைந்த பானைத் துண்டில் கீறிப் போட்டு, பத்தாண்டு நாடு கடத்தும் முறை அது. தெமிஸ்டாக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் அந்நகரின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றில் கிடைத்தன. கையெழுத்தோ ஒரு சிலருடையதுதான். முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள்! பூத் ஏஜென்டாக உட்கார்ந்து பழகிய உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சூடு பறந்தது தேர்தல் பற்றிப் பேசியபோது. சீட்டுக் குலுக்கல்தான் மக்களாட்சி, தேர்தல் சிலராட்சியின் வழி என்பது அரிஸ்டாட்டில் பதிவு செய்த கருத்து. ஏதென்ஸில் பத்துத் தளபதிகள் போன்ற சில பதவிகளுக்கு மட்டுமே தேர்தல். அப்படியானால் வாக்குச்சாவடியில் நாம் செய்வதற்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டார். அன்று கூட்டம் முடிய இரவாகிவிட்டது.

அப்புறம் அமெரிக்காவுக்கு வந்தோம். 1787இல் அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு ஏதென்ஸ் என்றாலே கலக்கம். ஏதென்ஸ்காரர் ஒவ்வொருவரும் சாக்ரடீஸாக இருந்திருந்தாலும் அந்தப் பேரவை கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்கிறது, அந்தச் சட்டத்தை ஆதரித்து எழுதப்பட்ட ‘பெடரலிஸ்ட்’ தொடரின் 55ஆம் கட்டுரை. அந்தச் சாக்ரடீஸுக்கே கி.மு. 399இல் குடிமக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. எனவே அமெரிக்கச் சட்டம் எழுதியவர்கள், மக்கள் நேரடியாக ஆளாமல் பிரதிநிதிகள் வழியே ஆளும் அமைப்பைக் கட்டினார்கள். மேலவைக்கு வைத்த செனட் என்ற பெயரும் ரோமிலிருந்து வந்தது. என் கணிப்பில், இன்றைய மக்களாட்சி ஏதென்ஸிடம் கற்றதில் பாதி, ஏதென்ஸ் மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான். மீதிப் பாதியில் எனக்குப் பெரிதாகப் படுவது கணக்குக் கேட்கும் வழக்கம். அங்கே பதவிக் காலம் முடிந்த ஒவ்வொருவரும் கணக்கை ஒப்படைத்துத் தணிக்கையில் நின்றாக வேண்டும்.

இறுதியாக ஒரு தீர்மானம். வரும் ஆண்டின் செயற்குழுவைச் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம் என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொருளாளர் பதவியை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம் என்பது என் திருத்தம். ஏதென்ஸிலும் போர் நிதியின் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்தார்கள். இரண்டையும் பொதுக்குழுவின் வாக்குக்கு விடுகிறேன்.

செயலாளர்