ஈரம் காயட்டும், பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய ஃபைபர் படகை வாங்கியதோடு நிற்காமல் நீயே அதைச் சரிசெய்யப் போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அடிப்பக்க விரிசலுக்கு இந்த வாரமே ரெசின், அதாவது இறுகிப் பிடிக்கும் பிசின், பூசிவிடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம்மா. முதலில் படகை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுபோ. வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கி வை. எத்தனை நாள் நீர் கசிகிறது என்று பார். ஃபைபருக்குள் ஈரம் இருந்தால் ரெசின் மேலே பளபளவென்று இறுகும், உள்ளே பிடிக்காது. உனக்கு ஏழு வயதிருக்கும்போது, விடுமுறை முடிவதற்குள் உன்னைப் படகில் கூட்டிப்போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் நான் ஈரத்தின் மேலேயே ஒட்டுப் போட்டேன். கரையைவிட்டு நன்றாகத் தள்ளிப் போன பிறகு அது பழைய சுவரொட்டி மாதிரி உரிந்தது. நீ மிதவை அங்கியோடு உட்கார்ந்து, அது ஏதோ விளையாட்டு என்று சிரித்தபடி டப்பாவால் நீரை இறைத்துக்கொண்டிருந்தாய். கரை சேரும்வரை நான் உன் முகத்தை மட்டும் பார்த்துத் துடுப்புப் போட்டேன். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, காய்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடு. துடைக்காமல் தேய்த்தால் பரப்பில் உள்ள மெழுகும் எண்ணெயும் கீறல்களுக்குள் இறங்கிக்கொள்ளும். விரிசலை அடைப்பதோடு விடாதே, அதன் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து எடு. கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு என்பது கணக்கு. அந்த இடம் 5 மி.மீ. கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மி.மீ. சரிவு வேண்டும். நல்ல ஃபைபரையும் சேர்த்துத் தேய்த்துத் தள்ளுகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். தேய், ஒட்டு பிடிக்கப்போவது அந்தச் சரிவில்தான். சுவாச முகமூடி இல்லாமல் கிரைண்டரை எடுக்காதே.

ரெசினில் எப்பாக்ஸி வகையையே வாங்கு. பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் இறுகிப்போன பழைய பரப்பில் எப்பாக்ஸி அளவுக்கு அது பிடிக்காது. பாலியஸ்டரில், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை 1 முதல் 2 சதவீதத்துக்குள் வெயிலுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் அந்த வேலை செல்லாது. டப்பாவில் எடைக்கென்று போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். நிறையக் கலந்து ஆழமான கிண்ணத்தில் விட்டுவைத்தால் தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள். கூடவே நெய்த ஃபைபர் துணிதான் வேண்டும். துண்டு இழைகளை ஒட்டிச் செய்த மேட் பெரும்பாலும் பாலியஸ்டருக்கென்று செய்தது, எப்பாக்ஸியில் அது சரியாக இளகிப் படியாது. இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் தேய்த்து அடுத்த பூச்சுக்குப் போ. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, கடைசியில் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்.

மோட்டார் மாட்டும் பின்பலகையை நீ படமே எடுக்கவில்லை. எனக்கு விரிசலைவிட அதுதான் கவலை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வா. கணீரென்று கேட்டால் நல்லது. எங்காவது சத்தம் மொத்தென்று அமுங்கினால் உள்ளே பிளைவுட் உளுத்துப்போயிருக்கலாம். அந்த இடத்தில் உள்பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு துளை போட்டுப் பார். வரும் தூள் கறுப்பாக, ஈரமாக இருந்தால் விரிசல் வேலையை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு உடனே சொல். பின்பலகை உளுத்த படகில் மோட்டாரை ஏற்றக்கூடாது, அதில் மட்டும் எனக்குச் சமாதானமே கிடையாது.

மரத்துக்குள் நீர் இறங்குவது பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டை வழியாகத்தான். தூண்டில் தாங்கி நான்கு மாட்டப்போவதாகச் சொன்னாயே, மரம் பொதிந்த இடம் என்றால் ஒவ்வொரு ஓட்டையையும் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் திரும்பத் துளை. அப்போது ஸ்க்ரூவைச் சுற்றி நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. சிலிக்கான் பசை தடவாதே, அதன் மிச்சம் ஒட்டிய இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது. படகுக்கென்று விற்கும் பாலியூரிதேன் பசை போதும். விளக்குக்கு வயர் இழுக்கும்போது ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே வை. விளக்குப் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசித் தேய்ந்து தீப்பற்றும்போது அது காப்பாற்றாது.

கரையில் ராத்தங்கும் கூடாரத்தின் உள்பக்கம் பிசுக்கென்று ஒட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது என்றாய். உள்ளே பூசிய பாலியூரிதேன் ஈரத்தில் மக்கிவிட்டது. அதன் மேல் எதையும் பூசிப் பயனில்லை, வேறு துணிதான். தையல் ஓரம் மட்டும் கசிகிறது என்றால் தைரியமாகச் செய்யலாம், ஆனால் துணி எது என்று பார்த்துக்கொள். சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கான் பசைதான் ஒட்டும், பாலியூரிதேன் பூசியதற்குப் பாலியூரிதேன் பசை. ஜிப் பிளந்துகொண்டே இருந்தால் பல்லைக் குறைசொல்லாதே, பெரும்பாலும் ஓடும் தலைதான் அகன்றிருக்கும். குறட்டால் இரண்டு ஓரத்தையும் லேசாக நெருக்கினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

குளிருக்கு உள்ளேயே சின்ன கேஸ் அடுப்பு வைக்க ஒரு மூலை செய்யப்போகிறேன் என்ற வரியைப் படித்துவிட்டு நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றாது. காற்றோட்டத்துக்கு ஓட்டை வைத்தாலும் அதை நம்பிக் கண்மூடாதே. அடுப்பு வெளியே இருக்கட்டும், உள்ளே கனமான தூக்கப்பையும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும். இதை மட்டும் எனக்காகச் செய்.

முதல் தடவை இறக்கும்போது இடுப்பளவு நீரிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தி, உள்ளே நீர் வருகிறதா என்று பார். இப்போது கழற்றப்போகிற வடிகால் மூடியை மோட்டார் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடு. சாவியை எடுக்கும்போது மூடியும் கையில் வரும். பின்பலகையின் படத்தை நாளைக்கே அனுப்பு.

அப்பா