ராத்திரி மூணு மணிக்கு அப்பாவோட நடந்த அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா விழுந்து ஆபரேசன் ஆனதுலேந்து இந்த ரெண்டு மாசமா அவரு எப்பிடி இருக்காருன்னு தினமும் கேட்டவங்கதான் நீங்க, அதனால நடந்தத திரும்ப எழுதல, எழுத கையும் வரல. நேத்து அப்பா வாக்கர பிடிச்சிட்டு தானாவே பாத்ரூம் போய்ட்டு வந்தாரு. போனவரு கதவ உள்ளேந்து சாத்திக்கவும் செய்தாரு. ரெண்டு மாசம் டயப்பர்ல கெடந்த மனுசன். அந்த கதவு சத்தம் கேட்டு நான் வெளிய வராண்டால நின்னு அழுதது அவருக்கு தெரியாது.

நன்றி சொல்லவேண்டியவங்க நெறய பேரு, ஆனா மொதல்ல ஒரு அக்காவுக்கு. "பேரு கீரு போட்டுராதீங்க மக்களே, நான் என்ன பெருசா செய்துட்டேன்"னு சொன்னாங்க, அதனால பேரு இல்ல. அப்பா இப்ப இருக்குற முதியோர் ஹோம்ல நைட் டியூட்டி பாக்குறவங்க.

அப்பா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 41 வருசம் ரப்பர் பால்வெட்டு, மரப்பட்டைய கீறி பால் எடுக்குற வேல. ரெண்டரை மூணுக்கு எந்திரிச்சு தலையில லைட்ட கட்டிட்டு எறங்கிருவாரு, வெயில் ஏற ஏற பால் ஓட்டம் கொறைஞ்சிரும், விடியறதுக்குள்ள முந்நூறு மரமாவது தொட்டாகணும். வேலைய விட்டு பத்து வருசம் தாண்டியும் ஒடம்பு அந்த நேரத்துக்கு டாண்ணு முழிச்சிக்கும். இதுக்கு முன்னால இருந்த எடத்துல (எதுன்னு சொல்லல, சண்ட போட தெம்பில்ல) 'ராத்திரி தொந்தரவு'ன்னு எழுதி வச்சு தூக்க மாத்திரை ஆரம்பிச்சாங்க. அந்த வயசுல அந்த மாத்திரை ராத்திரியோட நிக்காது, காலையிலயும் தள்ளாட்டம் இருக்கும், கால் பின்னும். அப்பிடித்தான் விழுந்தாரு. அவங்கள மட்டும் சொல்லி என்ன, 'அப்பா நல்லா தூங்குறாரு'ன்னு அவங்க போன்ல சொன்னப்ப சென்னைல உக்காந்து நிம்மதியா சோறு தின்னவன் நான்தான்.

ஆபரேசன் முடிஞ்சு இங்க வந்தப்ப நடக்க மாட்டேன்னுட்டாரு. பகல்ல பிசியோ தம்பி வந்தா கண்ண மூடிக்குவாரு. படுத்தே கெடந்தா இந்த வயசுல கால் சதை நாள் கணக்குல கரைஞ்சு போயிரும்னு டாக்டர் சொல்லிட்டே இருக்காரு, நானும் கெஞ்சுறேன், திட்டுறேன், ஒண்ணும் நடக்கல.

ஒரு நா நான் சென்னைலேந்து வந்த பஸ் சீக்கிரமே வந்து சேர்ந்திருச்சு, நாலு மணிகூட ஆகல. ஹோம் கேட்டுல நின்னு பாத்தா வராண்டா முழுக்க லைட்டு. அப்பா வாக்கரோட நடக்காரு! பக்கத்துல அந்த அக்கா, அப்பா இடுப்பு பெல்ட்டுல ஒரு கைய லேசா வச்சிட்டு. ஒவ்வொரு தூண் வந்ததும் அப்பா நிக்காரு, ஒரு கைய எடுத்து தூண்ல மேல இடதுலேந்து கீழ வலதுக்கு விரலால சரிவா ஒரு கோடு. பால்வெட்டு கோடு. அப்புறம் அடுத்த தூண். "எத்தன மரம் ஆச்சு பாட்டா?"ங்காங்க அக்கா. "ஒம்போது. இன்னும் அஞ்சு கெடக்கு"ங்காரு.

அப்புறம் விசாரிச்சா அக்காவோட அப்பாவும் அருமனை பக்கம் பால்வெட்டுதானாம். மொத நா ராத்திரி மூணு மணிக்கு அப்பா கட்டில்ல எந்திரிச்சு உக்காந்தப்ப அவங்க படுங்கன்னு சொல்லல, "என்ன பாட்டா, வெட்டுக்கு போணுமா?"ன்னு கேட்டு வாக்கர முன்னால கொண்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். மொத நா ரெண்டு தூண். இப்ப 14 தூணும் போய்ட்டு திரும்பி வாறாரு. முடிஞ்சதும் ஒரு கட்டஞ்சாயா (பால் விடாத டீ), சீனி போடாம. கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு நம்பி நான் ஒரு கிலோ வாங்கிட்டு போய் அக்காட்ட நல்லா வாங்கி கட்டிகிட்டேன், நீங்களும் நம்பாதீங்க. சாயா குடிச்சிட்டு சட்ட மாத்துவாரு. பட்டன் போட இருவது நிமிசம் ஆகும், கை நடுங்கும். அக்கா உதவிக்கு போறதே இல்ல. பக்கத்து கட்டில் பெட்சீட்ட மடிச்சிட்டே நிக்காங்க, மடிச்சதையே திருப்பி மடிக்காங்க, அவரு கடைசி பட்டன் போடுற வரைக்கும். நான் ரெண்டு தடவ கைய நீட்டினேன், ஒரு பார்வதான் பாத்தாங்க.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்லிக்கிடுதேன். 108 வண்டில வந்த தம்பிங்க, ரத்தம் குடுத்த பசங்க, தூக்க மாத்திரைய சட்டுன்னு நிறுத்தாம வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறச்ச டாக்டர், கண்ண மூடினாலும் அசராம வந்த பிசியோ தம்பி, எங்க போய் கேக்கணும்னு தெரியாம முழிச்சப்ப முதியோர் உதவி எண் 14567ஐ அனுப்பி விட்ட டீச்சர், மட்டி வாழக்குலையோட வந்து நின்ன பழைய வெட்டுக்காரங்க. ஆரையாவது விட்டிருந்தா அடுத்த தடவ பாக்கும்போது திட்டுங்க.

அக்கா, அப்பா ஒரு விசயம் கேக்க சொன்னாரு. ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவாமே, அன்னைக்கி வெட்டுக்கு யாரு கூட வருவா, கட்டஞ்சாயா யாரு போடுவான்னு. இந்த மாசம் முழுக்க நான் ஊர்லதான் இருக்கேன், நான் வாறேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டே முக்காலுக்கு அலாரம் வச்சாச்சு. சாயாவுக்கு தேயில எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டு போங்க, போன வாரம் நான் போட்டத அவரு செடிக்கு ஊத்திட்டாரு.