மேடை வேண்டாம், சாவி போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சீசன் வந்துவிட்டால் நீலகிரியில் ஊட்டிக்கு மலர், குன்னூருக்குப் பழம், எங்கள் கோத்தகிரிக்குக் காய்கறி என்று கண்காட்சி களைகட்டும். நோட்டீஸின் அடியில் 'பாரம்பரியக் கலை நிகழ்ச்சிகள்' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த மாதிரி ஒரு வரிக்குள் எங்கள் ஆட்களும் ஒரு தடவை போய் வந்தார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி வந்த தோட்டக் குடும்பம். தாத்தா ஒரு தகரப் பெட்டியும் காமன் கூத்தும் கொண்டு வந்தார். பெட்டி துருப்பிடித்துப் போனது, கூத்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாசியில் கம்பம் நட்டால் ராத்திரி ரதியும் மன்மதனும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் ஆடுவார்கள். எங்கள் சித்தப்பா பல வருஷம் ரதி கட்டியவர், அவர் அழுதால் கிழவிகள் நிஜமாகவே அழுவார்கள். அப்புறம் தப்பு என்கிற எங்கள் தோல் பறை. இந்தக் குளிருக்கும் பனிக்கும் தோல் தொய்ந்துவிடும், அரை மணிக்கொருமுறை சருகைப் போட்டுக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும், விரலால் சுண்டினால் 'கிண்' என்று கேட்கிற வரைக்கும்.

விழா மேடையில் என்ன ஆனது தெரியுமா? மூன்று மணிக்கு வரச் சொல்லி ஏழரைக்கு ஏற்றினார்கள். மேடைப் பக்கம் நெருப்பு கூடாது என்றுவிட்டார்கள், சரி, பந்தல் துணி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சாத தப்பை அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். எட்டு நிமிஷம். மன்மதன் எரிவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ.

போன வருஷம், பாலித் தீவில் ஓட்டல் வேலையில் இருக்கும் மகன் டிக்கெட் போட்டு அழைத்ததால் உபுட் பக்கம் பத்து நாள் தங்கினேன். அங்கேயும் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் முன்னால் பத்து நிமிஷம் ஆடிவிட்டுப் போகும் ஆட்டம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். நான் பார்த்து அசந்தது வேறு. ஊருக்குள் ஒவ்வொரு குடியிருப்புக்கும் 'பஞ்சார்' என்று ஓர் அமைப்பு, அதற்கென்று நாலு பக்கமும் திறந்த ஒரு கூடம், மேலே தொங்கும் குல்குல் என்ற மரமணி. அதைத் தட்டினால் ஊர் கூடும். சுத்தியலால் தட்டி வாசிக்கும் கமெலான் என்ற வெண்கல வாத்தியங்கள் அந்தப் பஞ்சாருக்கே சொந்தம், தனி ஆளுடையது இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு கார் ஓட்டுகிறவர், தச்சர், கடைக்காரர் எல்லாம் பைக்கில் வந்து இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள். வாத்தியத்தைத் தாண்டிப் போகக் கூடாது, சுற்றித்தான் போகணும். ஒரு ஐந்து வயதுப் பையன் அப்பா மடியில் உட்கார்ந்து அவர் கையிலிருந்த சுத்தியலோடு சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தான். நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை, சொல்லித் தருகிறவர் அடித்துக் காட்டுகிறார், இவர்கள் திருப்பி அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரே சுரத்துக்கு இரண்டு வாத்தியம் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் சுருதி ஒரு துளி ஏறி, மற்றது ஒரு துளி இறங்கி. தனியாகத் தட்டினால் சாதாரண வெண்கலச் சத்தம்தான், இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி நடுங்கி அலையடிக்கிறது. அதற்குப் பெயரே 'ஓம்பாக்', அலை என்று அர்த்தமாம். வேகமான இடங்களில் ஒரே வரியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், இவர் விட்ட சந்தில் அவர் அடிக்கிறார். ஒருவர் வரவில்லையென்றால் பாட்டில் பாதி காணாமல் போகும். இதை வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகவே முடியாது, கூடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். கலை ஊரைச் சேர்த்து வைக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அங்கே ஊர் சேராவிட்டால் சத்தமே வராது என்பதுதான் நிஜம்.

அவர்களுக்கு 210 நாளுக்கு ஒருமுறை கோயில் பிறந்தநாள் வருகிறது, ஊரில் பல கோயில்கள், ஆகவே ஆடுவதற்கு எப்போதும் காரணம் இருக்கிறது. கோயிலுக்கு ஆடினால் கூலி கிடையாது, அது சேவை. சுற்றுலாக்காரர் கூட்டம் பெருகுவதைப் பார்த்து 1971-லேயே பாலியின் தலைநகர் தென்பசாரில் உட்கார்ந்து பேசி, கோயிலுக்குள் மட்டும் ஆடுவது எது, கோயில் சடங்கோடு சேர்ந்தது எது, வெளியாருக்குக் காட்டலாம் என்பது எது என்று நடனங்களை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே மூன்று வகைதான். 'சக் சக்' என்று ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குரல் எழுப்பும் கெச்சாக் இருக்கிறதே, அது 1930-களில் ஒரு ஜெர்மன் ஓவியரும் ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து வெளியாருக்காக உருவாக்கியது, ஆனாலும் பல ஊர்களில் டிக்கெட் காசு பஞ்சாருக்குத்தான் போகிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைத்து எழுதினால் கடிதம் பொய்யாகிவிடும். தப்பு அடிக்கிறவன் என்றால் ஒரு சாதி என்று முத்திரை குத்தி, சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். என் அண்ணன் மகன் தப்பைத் தொடமாட்டேன் என்கிறான், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலியிலும் சாதி உண்டுதான், ஆனால் பஞ்சார் வாத்தியத்தில் உட்காருவது அங்கே பெருமை. அவ்வளவு தூரம் ஏன், இதே மலையில் கோத்தர் பழங்குடிகளைப் பாருங்கள். படகர் வீட்டுச் சாவுக்கு வாசிக்கும் வழக்கம் எப்போதோ நின்றுபோனது, ஆனால் கம்பட்டராயர் திருவிழாவில் தங்கள் சாமிக்காக, தங்களுக்காக வாசிப்பதை அவர்கள் விடவில்லை.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் குடியிருப்பில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது, நல்ல கட்டிடம். உள்ளே உடைந்த நாற்காலிகளும் ஏதோ மூட்டைகளும் கிடக்கின்றன, கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் இவர் அவரைக் கை காட்டுகிறார், அவர் இவரைக் கை காட்டுகிறார். அடுத்த விழாவுக்கு எங்களைக் கூப்பிட மறந்தாலும் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி அந்தச் சாவியைக் கொடுங்கள், தப்பு நாலு வாங்கி ஊர்ப் பெயரில் உள்ளே மாட்டி வைக்க ஒரு ஆணி அடித்துக்கொள்ள விடுங்கள், யார் பிள்ளை வேண்டுமானாலும் எடுத்து அடிக்கட்டும். வாசலில் சருகு கொளுத்த ஒரு முழம் இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி