சுறாவைப் படகுக்குள் ஏற்றாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். மூன்றடிச் சுறா ஒன்றை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாய், அதன் வாய் உன் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. சித்தி இதயம் போட்டிருக்கிறாள், மச்சான்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே எழுதினால் நாலு ஸ்டிக்கருக்கு அடியில் போய்விடும், அதோடு உன்னைப் போலப் புதிதாக ஃபைபர் படகு வாங்கிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வாலைப் பிடித்துத் தூக்கினால் வில்லாக வளைந்து வந்து, பிடித்த கையையே கவ்வும். சின்னதுதானே என்று நினைக்காதே, சின்னதுதான் இன்னும் நன்றாக வளையும். இன்னொன்று, நம்மைப் போல அதற்கு விலா எலும்புக் கூடு இல்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த உடம்பை அப்படித் தொங்கவிட்டால் குடல், ஈரல் எல்லாம் இடம் பெயர்ந்து நைந்துபோகும். நீ படம் எடுத்துவிட்டு உயிரோடு விட்டதாக எழுதியிருக்கிறாய். நீந்திப் போனது என்பதற்காக அது பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது.

என் இடது கணுக்காலில் இருக்கும் தழும்பைச் சின்ன வயதில் நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய், நான் பாறை கிழித்தது என்று சொல்லிவிட்டேன். அது பால் சுறா கடித்தது. ஒரு மீட்டர்கூட இருக்காது. படகுக்குள் போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது, அசைவே இல்லை, செத்துவிட்டது என்று வெறுங்காலால் ஒதுக்கினேன். செத்த மாதிரிக் கிடக்கும் சுறாவின் தாடைக்கு வேகம் அடங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கரைக்கு வர இரண்டு மணி நேரம், ஏழு தையல், ஒரு மாதம் தொழிலுக்குப் போகவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுறாவைப் படகுக்குள் ஏற்றாதே. நீ பாரை, சீலா மீன்களுக்குத்தான் தூண்டில் போடுகிறாய், சுறா தானாக வந்து மாட்டுகிறது. இருபது அடிப் படகில் அதற்கும் உங்கள் மூன்று பேர் கால்களுக்கும் சேர்த்து இடம் இல்லை. தண்ணீரிலேயே பக்கத்தில் நிறுத்தி, தூண்டில் முள் வாயோரத்தில் தெரிந்தால் நீளமான ப்ளையரால் திருப்பிக் கழற்று. தெரியவில்லையா, உள்ளே விழுங்கிவிட்டதா, நோண்டவே நோண்டாதே, முள்ளுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் தூண்டில் நரம்பை அறுத்து விடு. ஒரு முள் என்ன விலை, உன் விரல் என்ன விலை? துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு முள்ளையே வாங்கு, ஸ்டெயின்லெஸ் வேண்டாம், அது சுறாவின் வாயிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். முனை உள்பக்கமாக வளைந்திருக்கும் வட்ட முள் கிடைத்தால் இன்னும் நல்லது, பெரும்பாலும் தாடையோரத்தில்தான் மாட்டும். அதில் வெடுக்கென்று சுண்டக் கூடாது, நிதானமாக இழுக்க வேண்டும்.

கம்பி கட்டிய தூண்டில் என்றால் அந்தக் கம்பியை ஒருபோதும் கையில் சுற்றாதே. கிட்டே வந்த சுறா கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும், அப்போது கையில் சுற்று விழுந்திருந்தால் ஆளே தண்ணீரில். வேடிக்கை பார்க்க மூன்று பேரும் ஒரே ஓரத்துக்கு வருவதும் கூடாது. ஒருவன் எஞ்சினில், ஒருவன் எதிர்ப்பக்கம், ஒருவன் மட்டும் சுறாவோடு. கொக்கி போட்டு இழுப்பது, செவுளில் விரல் விடுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். தோலையும் கவனி, தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் அரம், கை உரிந்துவிடும்.

சுத்தியல் மாதிரித் தலை இருக்கும் கொம்பன் சுறா மாட்டினால் இன்னும் அவசரம். போராடியே செத்துப்போகிற இனம் அது, விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே நரம்பை அறுத்துவிடு. சின்னச் சுறா தளர்ந்துபோயிருந்தால் முதுகுத் துடுப்பில் ஒரு கை, வாலுக்கு முன்னால் ஒரு கை கொடுத்து, நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதிரே தலை இருக்கும்படி தண்ணீருக்குள்ளேயே பிடி. வாய் வழியாகத் தண்ணீர் போய்ச் செவுள் வழியாக வெளியேறினால்தான் அதற்கு மூச்சு. தானாகத் திமிறும்போது விட்டுவிடு.

திமிங்கலச் சுறாவும், ரம்பம் மாதிரி மூக்கு நீண்ட வேளா மீனும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. வலையில் பட்டால் வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும். குஜராத் வேராவல் பக்கத்து மீனவர்கள் இப்படி வலையை அறுத்தே நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை விட்டிருக்கிறார்கள், நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சட்டத்தில் இல்லாத சுறாவுக்கும் நிலைமை லேசு இல்லை. மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிற ஜாதியா அது? பால் சுறா ஏறக்குறைய ஒரு வருஷம் வயிற்றில் சுமந்து நாலைந்து குட்டிதான் போடும். உன் படத்தில் இருப்பதன் வயிறும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது.

அப்படியும் கடித்துவிட்டால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்து, கையோ காலோ என்றால் மேலே தூக்கி வை. ரத்தம் பீய்ச்சி அடித்து அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள். டாக்டரிடம் கடல் தண்ணீர் பட்ட காயம் என்று சொல்ல மறக்காதே, அதற்கான கிருமிகள் வேறு, மருந்தும் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தி வீட்டுக்கு வருகிறேன். நீளமூக்கு ப்ளையர் ஒன்று, கம்பி வெட்டும் கட்டர் ஒன்று, தடித்த கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். படகின் முன்பக்கம், அணியத்தில் கயிறு போட்டு எங்கே கட்டி வைப்பது என்று நாம் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை தொழிலுக்குப் போவதாக இருந்தால் செருப்பையாவது போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்