பிரித்து மாட்டும் கட்டை: மாப்ளைக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். பட்டறைத் தூசிப் பக்கம் கொஞ்ச நாள் வரவே வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் முனிக்கில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் குளிர்காலத்தில் முழங்கால் வலி வந்து போகிறது, அவ்வளவுதான்.

நீ எழுதியதில் ஒரு விஷயத்துக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. பையன் கம்ப்யூட்டர் சொல்படி மரத்தை வெட்டும் சிஎன்சி மெஷின் வாங்கிப் போட்டதும், வருகிற ஆர்டர் எல்லாம் மாடுலர் கிச்சனாகவே இருப்பதும் உனக்கு வருத்தம். பிரித்து மாட்டுகிற சாமான் வந்த அன்றைக்கே மரத்துக்கு மரியாதை போய்விட்டது என்கிறாய். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் மாப்ள. நான் இங்கே பார்க்கிற வேலையே அதற்குச் சாட்சி.

தெற்கு ஜெர்மனியில் ஆல்காய் பக்கம் எங்கள் பட்டறையில் வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பொருந்துகிற மரப்பகுதி, செய்கிறோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை நின்றுபோனது, அதனால் உனக்கு இது தூரத்து விஷயமாக இருக்கும். இங்கே பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்கள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். மான் பெருகினால் காட்டில் இளம் மரக்கன்று தப்பாது, பன்றி பெருகினால் மக்காச்சோளம் தப்பாது. சட்டம் குழல், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் போன்ற உலோக உறுப்புகளைத்தான் துப்பாக்கியாக எண்ணிப் பதிவு செய்கிறது, கட்டையை அல்ல. அதனால் எங்களிடம் மரம் மட்டும் வரும். கடைசிப் பொருத்தம் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லர் வீட்டில் நடக்கும். சில சமயம் நானும் உடன் போய் நிற்பேன்.

கட்டை செய்கிறவனுக்கு முதல் எதிரி ஈரம். உனக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஐப்பசி மழைக்கு நிலைக்கதவு உப்பி இடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அமெரிக்கக் கறுப்பு வால்நட் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போது கணக்குப் போடு. குழலுக்கு அடியில் இருக்கிற 4 செ.மீ. அகலமுள்ள முன்கட்டையில் ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 12க்கு ஏறினால், மோசமான திசையில் 0.4 மி.மீ. உப்பும். கதவுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் முன்கட்டை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு குழலைத் தொட்டுவிட்டால், கோடையில் குறி பார்த்து வைத்த துப்பாக்கி நவம்பரில் வேறு இடத்தில் சுடும். விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். நல்ல வேட்டைக்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அதனால்தான் இங்கே கொல்லர் ஒரு ரூபாய் நோட்டு மாதிரி காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து முன்னிருந்து பின்வரை இழுத்துப் பார்ப்பார். எங்கேயாவது சிக்கினால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும்.

மவுசர் 98 என்ற பழைய ஜெர்மன் துப்பாக்கியின் காலத்து வழக்கம் ஒரே மரத்தில் முழுக்கட்டை. குழலின் அடியிலிருந்து தோள் வரை ஒரே பலகை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 80 செ.மீ.க்குக் குறையாத பலகை வேண்டும். அந்த ஒரே பலகையில் முன்பாதி நேர் ரேகையாக ஓட வேண்டும், பிடி இருக்கிற இடத்தில் ரேகை பிடியின் வளைவோடு போக வேண்டும், பின்பாதியில் பூ, அதாவது அழகான ரேகைக் கோலம், விழுந்திருக்க வேண்டும். வால்நட்டில் பூ விழுவது வேருக்குப் பக்கத்துத் தூரிலும், கிளை பிரிகிற கவையிலும். அங்கே நீளமான நேர் ரேகை எப்படிக் கிடைக்கும்? நூறு பலகையைப் புரட்டினாலும் ஒன்று தேறுவது கஷ்டம். அது தேறி, வருஷக்கணக்கில் காய்ந்து, கடையும்போது பின்பக்கத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தால் முழுப் பலகையும் போச்சு.

கட்டையை இரண்டாகப் பிரித்தால் இந்தக் கதையே மாறிவிடுகிறது. பின்கட்டைக்கு அரை மீட்டருக்கும் குறைவான துண்டு போதும், முன்கட்டைக்கு அதைவிடச் சின்னது. தூர்ப்பக்கத்து அழகான துண்டு தோளுக்குப் போகும், நடுமரத்து நேர்த்துண்டு முன்னால் போகும். முன்பு அடுப்புக்குப் போன துண்டுகள் இப்போது கட்டையாகின்றன. மரத்தை மதிப்பது என்றால் எனக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது. எது எதற்குப் பொருந்துமோ அதை அங்கே வைப்பது.

இது புதுசும் இல்லை. நாம் என்சிசியில் தோளில் வைத்து நடந்த .303 ஞாபகம் இருக்கும். 1907இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட லீ-என்ஃபீல்ட் வகை அது. இஷாப்பூர் தொழிற்சாலையிலும் பல வருஷம் செய்தார்கள். அதன் கட்டை இரண்டு துண்டு என்று அன்றைக்கு நாம் கவனித்ததே இல்லை. பிடிக்கு முன்னால் இரும்பில் ஒரு குழி. அதற்குள் பட் என்கிற பின்கட்டை நுழைந்து உட்காரும். பட்டின் உள்ளே நீளமாகத் துளைத்த வழியில் ஒரு நீண்ட போல்ட் வந்து அதை இழுத்துப் பிடிக்கும். பட் ஒரே அளவில் வராது. சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டை ஒன்று, ஒரு அங்குலம் குட்டை ஒன்று. ஆள் உயரம் பார்த்து மாட்டுவார்கள். உனக்கு அன்றைக்குக் குட்டை பட் மாட்டிக் கொடுத்திருந்தால் கன்னத்தில் நீலம் பாய்ந்திருக்காது.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். நாம் சுமந்த அந்த வகையில், அதாவது மூன்றாம் மார்க் துப்பாக்கியில், பட்டை இழுத்துப் பிடிக்கிற அந்த போல்ட்டின் முனை சதுரம். அது இரும்பைத் தாண்டி முன்கட்டையின் பின்முகத்தில் இருக்கிற ஒரு தகட்டுக் காடிக்குள் போய் நிற்கும், போல்ட் தானாகக் கழலாமல் இருக்க. அதனால் முதலில் முன்கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் பட் போல்ட்டைத் திருக வேண்டும். வரிசை மாறி முதலிலேயே போல்ட்டைத் திருகினால், சதுர முனை சுற்றிக்கொண்டு முன்கட்டையின் பின்பகுதியைப் பிளந்துவிடும். இன்றைக்கும் பழைய துப்பாக்கிகளில் அந்த இடத்து விரிசலைப் பார்த்தவுடனே, யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று கொல்லர் சொல்லிவிடுவார். இஷாப்பூரில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணியும் போட்டார்கள். பிரித்து மாட்டும் சாமானை வடிவமைக்கிறவன் எந்த வரிசையில் பிரிப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று இந்தத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிந்த பிறகு இவை கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலிவாக விற்கப்பட்டு, முன்கட்டையை அறுத்துக் குறைத்து, மான் வேட்டைத் துப்பாக்கிகளாயின. பின்கட்டை தனித்துண்டு என்பதால் அதைத் தொடவே தேவைப்படவில்லை.

இப்போதைக்கு வருவோம். எங்கள் பக்கத்து ஊர் இஸ்னியில் பிளாசர் கம்பெனி 2008இல் ஆர்8 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. நடுவில் அலுமினிய உடல், பின்கட்டை தனி, முன்கட்டை தனி. இரண்டு திருகைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். தொலைநோக்கி குழலின் மேலேயே உட்காருவதால் திரும்ப மாட்டும்போது குறி மாறாது. மானுக்கு ஒரு குழல், பன்றிக்குத் தடித்த குழல் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது வேறு. குழலும் உடலும் உலோகத்தோடு உலோகமாகப் பூட்டிக்கொள்வதால், முன்கட்டைக்குத் துல்லியத்தைத் தாங்குகிற பொறுப்பு இல்லை. சுடும்போது வரும் உதையும் அதன் மேல் விழுவதில்லை. கைக்குப் பிடிப்பாக, பார்வைக்கு அழகாக இருந்தால் போதும். அரை மில்லிமீட்டர் உப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மரத்தால் முடியாத வேலையை மரத்தின் தலையில் கட்டாமல் இருப்பதுதான் நல்ல வடிவமைப்பு. பிளாஸ்டிக் கட்டை எல்லாப் பக்கமும் வந்த பிறகும் இங்கே வால்நட் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் மிட்சல் ஊரில் பாய்ட்ஸ் என்று ஒரு கட்டைக் கம்பெனி இருக்கிறது. அவர்களுடைய அட்-ஒன் என்ற கட்டை இன்னும் ஒரு படி மேலே. சாயம் ஏற்றிய மெல்லிய மரத்தாள்களை அடுக்கிப் பசையிட்டு அழுத்திய லேமினேட்தான் மூலப்பொருள். அதில் பொத்தானை அழுத்தினால் பின்முனை நீளும், கன்னம் வைக்கிற பகுதி உயரும். பிடியையும் முன்கட்டையின் முனையையும்கூடக் கழற்றி வேறு மாட்டலாம். விசையிலிருந்து தோள் வரையுள்ள நீளத்தை ஏறக்குறைய 32 செ.மீ.யிலிருந்து 35.5 செ.மீ. வரை மாற்றலாம். அப்பாவின் துப்பாக்கியை மகள் எடுத்தால் ஒரு அளவு, தடித்த குளிர்ச்சட்டை போட்டால் இன்னொரு அளவு. தொலைநோக்கி உயரமாக இருந்தால் கன்னமும் உயர வேண்டும், இல்லையென்றால் தாடையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு குறி பார்க்க வேண்டியிருக்கும். முன்பு இதற்கெல்லாம் கட்டையை அறுத்துத் துண்டு ஒட்டுவோம். ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான்.

ஆனால் பிடியைத் தனித்துண்டாக்குவதில் எனக்கு ஒரு கோடு உண்டு. லேமினேட்டில் செய்யலாம், அதில் தாள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். தனி வால்நட்டில் செய்ய மாட்டேன். கட்டையிலேயே மெலிந்த இடம் பிடிதான், உதை வளைந்து போகிற இடமும் அதுதான். அங்கே ரேகையை அறுத்துவிட்டு எந்த போல்ட் போட்டாலும் எனக்குத் திருப்தி வராது. எங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவர் இதற்கு எதிர்க்கட்சி, பித்தளைக் குழாய் பதித்தால் தாங்கும் என்பார். இந்த வாக்குவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் உன் பையனுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். ஒரு மரத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டு புது வாய் திறக்கிறது. வெட்டுமுகம் தண்ணீரைக் குடிக்கிற வேகம் பலகையின் மேல்முகத்துக்குக் கிடையாது. வெளியே ஆளிவிதை எண்ணெயை எத்தனை கோட் தேய்த்தாலும், பொருத்தின் உள்ளே வெறும் மரமாக விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். மெஷின் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் வெட்டுமுகத்தையும் போல்ட் ஓட்டையின் உள்சுவரையும் எபாக்ஸி என்கிற இறுகும் பசையை மெல்லியதாகப் பூசி அடைக்கிறோம். சிறு பிரஷ்ஷை ஓட்டைக்குள் சுழற்றி, முதல் கோட்டை மரம் குடித்து முடித்ததும் இரண்டாவது கோட், உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிற வரை. திருகு இறுகுகிற இடத்தில் மரம் நசுங்காமல் இருக்க அலுமினியக் குழாய்த்துண்டு வைக்கிறோம், இறுக்கம் முழுக்க அதன் மேல் விழும். உன் பட்டறையில் சமையலறைக் கதவு உப்புகிறது என்றால் மாடுலரைத் திட்டாதே. உள்ளே ஓட்டைகளை என்ன செய்தான் என்று பார்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முன்கட்டையை மட்டும் பத்து வருஷம் கழித்துப் புதிதாக வாங்கினால் அது பழைய பின்கட்டையோடு சேராது. வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும், கைபட்ட எண்ணெயில் கறுக்கும். அதனால் நல்ல பலகை கிடைத்தால் பின்கட்டையோடு இரண்டு முன்கட்டைக்கும் சேர்த்தே அறுத்து, ஒன்றை எண் போட்டு எடுத்து வைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் எனக்காக ஒன்று செய். நன்றாகக் காய்ந்த தேக்கிலும் வேங்கையிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, குறுக்குவாட்டில் சரியாக 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறி, கொட்டகைக்குள் மழை படாமல் தொங்கவிடு. இப்போது ஒருமுறை, ஐப்பசி அடைமழையில் ஒருமுறை, தையில் நான் வந்ததும் ஒருமுறை அளப்போம். வெர்னியர் பையனிடம் இருக்கும். வளையம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று துண்டின் முகத்தில் பென்சிலால் குறித்து வைக்க மறக்காதே. அது தெரியாவிட்டால் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புடன்,
உன் மச்சான்