இரண்டு கஜம்

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணம்மா,

நீ போனில் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். 'அர்த்தம் தெரியல, ஆனா அழுகை வருது, யாருப்பா இவர்?' என்று கேட்டிருந்தாய். கடையில் ஆள் இருந்ததால் உடனே சொல்ல முடியவில்லை.

அது கஜல், ஈரடி ஈரடியாகப் போகும் உருதுக் கவிதை. கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் பெயரில் வழங்குவது. 1857 கிளர்ச்சி தோற்றதும் வெள்ளைக்காரர்கள் அவரை விசாரித்து, மறு வருஷம் டில்லியிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி ரங்கூனுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பது தாண்டிய கிழவர். எழுதக் காகிதம் தராததால் சுவரில் கரியால் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. இந்தப் பாட்டு அவர் எழுதியதே இல்லை என்கிற ஆய்வாளர்களும் உண்டு. இருக்கட்டும்.

கடைசி ஈரடி இப்படி முடிகிறது, கேள்: 'தோ கஸ் ஜமீன் பீ ந மிலீ கூ-ஏ-யார் மேன்.' புதைக்க இரண்டு கஜம் நிலம்கூட அன்புக்குரியவரின் தெருவில் கிடைக்கவில்லையே என்று அர்த்தம். கஸ் என்பது துணி அளக்கும் நம் கஜமேதான். டில்லி என்ற பேச்சே இல்லை, கவனித்தாயா? காதலியின் தெருவில் அலைந்து, கதவு திறக்காமல் நிற்பவனைப் பாடுவது கஜலின் பழைய வழக்கம். நாடு போன ராஜா அந்தக் காதலனின் இடத்தில் வந்து நின்றுகொள்கிறார், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அந்த 'மேன்'. ஒவ்வொரு ஈரடியும் அதில்தான் முடியும். அது நம் 'இல்' உருபு. தமிழில் இல் என்றால் வீடும்கூட. வெளியே தள்ளப்பட்ட மனிதர் திரும்பத் திரும்ப இல், இல் என்கிறார்.

1862 நவம்பர் 7-ஆம் தேதி இறந்தார். அடையாளம் தெரியக் கூடாதென்று அன்றே புதைத்து, மண்ணைச் சமமாக்கிப் புல் பதித்துவிட்டார்கள். 1991-இல் அங்கே எதற்கோ தோண்டியபோதுதான் செங்கல் கட்டிய கல்லறை தெரிந்தது.

அதற்கு முன்பே அவர் நினைவாக அங்கிருந்த தர்காவுக்கு உன் தாத்தா போயிருக்கிறார். ரங்கூனில் ஜவுளி வியாபாரம் அவருக்கு. கடைகள் தேசியமயமானதும் 1964-இல் கப்பலேறி வந்தார். அவர் கொண்டுவந்த கஜக்கோல் இன்னமும் கல்லாவுக்குப் பின்னால்தான் சாத்தியிருக்கிறது. பாதுஷாவுக்குத் தண்டனையாக இருந்த ஊர் தாத்தாவுக்குச் சொந்த ஊர் ஆகிவிட்டது, பார். ஆனால் ஏங்குகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பர்மாவிலிருந்து யார் வந்தாலும், 'அங்கே மழை பிடிச்சிருச்சா?' என்று மட்டும் கேட்பார்.

அப்புறம், கடை வாசல் வேப்பமரம் இருக்கா என்று போன வாரமும் கேட்டாய், அதற்கு முந்தின வாரமும் கேட்டாய். இருக்கிறது. கரண்ட் கம்பியில் உரசிய கிளையை மட்டும் வெட்டினார்கள். தம்பியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா